சனிக்கிழமைச் சபை

நீலசந்திராவின் சந்துகளில் சிறு ஜெபவீடுகளைக் காணுந்தோறும், திருநெல்வேலிச் சீமையின் பழைய நிகழ்ச்சியொன்று நம் நினைவுக்கு வருகிறது. 1857இல், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை எனப்பெற்ற அருமைநாயகம் அயல்நாட்டுக் குருமாரின் ஆட்சியை உதறித் தனிச்சபை கண்டார். நாடார் மக்களை இழித்துக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் மூட்டிய கனல் அவர் நெஞ்சில் ஆறவில்லை. மிஷனிடம் பணமும் பள்ளியும் இருந்தன. இவரிடம் இருந்தது வேதபுத்தகமே. அதனைக் கொண்டே ஞாயிற்றை விடுத்துச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார்; தூபமிட்டார்; நற்கருணையில் புளித்த மதுவை விலக்கித் திராட்சைச்சாறு வைத்தார். இது புதுமையா? அவரைக் கேட்டிருந்தால் பழமை என்றே சொல்லியிருப்பார் என்பது நம் எண்ணம். வியப்பு யாதெனில், அவர் விட்டு நீங்கிய ஆங்கிலச் சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. பிரிந்துபோன சிறு கூட்டமோ தன் சனிக்கிழமையை விடவில்லை.