கீறலுக்கு முந்திய மருந்து: வயிற்று அறுவையில் முன்கூட்டிய வலித்தணிப்புக் கருத்தின் வரலாறு

முன்னுரை

வயிற்று அறுவைக்குப் பின் தோன்றும் வலி நோயாளியை வருத்துவதோடு நிற்பதில்லை. ஆழ்ந்து மூச்சிழுக்கவும், இருமவும், எழுந்து நடக்கவும் அது தடையாகிறது. அதனால் நுரையீரலில் சளி தேங்கித் தொற்று உண்டாகும் இடரும் மிகுகிறது. வலி தோன்றிய பின்னர் மருந்தளிப்பதே நெடுங்கால வழக்கம். கீறலுக்கு முன்பே மருந்தளித்தால் பின்வரும் வலி குறையுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிரைலின் கொள்கை

இவ்வினாவின் முன்னோடியாகப் பிற்காலத்தார் சுட்டுபவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜார்ஜ் வாஷிங்டன் கிரைல் (1864–1943) ஆவார். ஈதர் நோயாளியைத் துயிலச் செய்கிறதேயன்றி, காயத்திலிருந்து எழும் நரம்புத் தூண்டல்கள் மூளையை அடைவதைத் தடுப்பதில்லை என அவர் கருதினார். அத்தூண்டல்களை வழியிலேயே மறிக்கும் முறைக்கு ‘அனோசி-அசோசியேஷன்’ எனப் பெயரிட்டு, 1913இல் ‘லான்செட்’ இதழில் விளக்கினார். அடுத்த ஆண்டில் வில்லியம் லோயருடன் இணைந்து அப்பெயரிலேயே நூலும் வெளியிட்டார்.

முன்மருந்தாக மார்பினும் ஸ்கோபோலமினும், மயக்கத்திற்கு நைட்ரஸ் ஆக்சைடும், வெட்டப்படவுள்ள திசுக்களில் நோவோகெய்ன் ஊசியும் அவரது முறையின் கூறுகள். நோவோகெய்னின் பயன் விரைவில் நீங்குமாதலால், வயிற்று அறுவைகளில் நெடுநேரம் மரத்துப்போகச் செய்யும் குயினைன்-யூரியா சேர்மத்தையும் காயத்தருகே செலுத்தினார்.

எனினும் அவர் முதன்மையாகத் தடுக்க முயன்றது அறுவை அதிர்ச்சியையே. மூளை உயிரணுக்கள் ஆற்றலிழப்பதே அதிர்ச்சிக்குக் காரணம் என்ற அவரது விளக்கம் பின்னர் நிலைபெறவில்லை.

தண்டுவடம் தந்த சான்று

கிரைலின் எண்ணத்திற்கு வேறோர் அடிப்படை எழுபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. 1983இல் ‘நேச்சர்’ இதழில் கிளிஃபர்ட் உல்ஃப் வெளியிட்ட எலி ஆய்வு, காயத்திற்குப் பிந்திய மிகையுணர்வில் தண்டுவட நரம்பணுக்களின் கிளர்ச்சிக்கும் பங்குண்டு எனக் காட்டியது. தொடர்ந்து உல்ஃபும் பேட்ரிக் வாலும் செய்த ஆய்வில், கிளர்ச்சி தோன்றுமுன் சிறிதளவு மார்பினே அதைத் தடுத்தது. தோன்றிய பின் அடக்குவதற்கு அதைவிட மிகுந்த அளவு வேண்டியிருந்தது. இவற்றின் மருத்துவப் பொருளை 1988இல் ‘பெயின்’ இதழின் தலையங்கத்தில் வால் எடுத்துரைத்தார். மயக்கத்தில் மூளை துயின்றாலும் தண்டுவடம் காயத்தைப் பதிந்துகொள்கிறது என்பதே அதன் உட்கிடை.

மருத்துவமனைச் சோதனைகள்

எலிகளில் தெளிவாயிருந்தது மனிதரிடம் அத்துணைத் தெளிவாகவில்லை. 1992இல் டென்மார்க்கில் டாலும் குழுவினரும் பெருவயிற்று அறுவை நோயாளிகளுக்குத் தண்டுவட உறைப்புறத்தே புபிவகெய்ன், மார்பின் ஆகியவற்றைச் செலுத்தினர். கீறலுக்கு முன் தொடங்கினும் அறுவைக்குப் பின் தொடங்கினும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த குடலிறக்க அறுவை ஆய்வொன்று, கீறலுக்கு முன் செலுத்திய லிடொகெய்னே மேலானது என்றது.

முரண்பாடு தொகுப்பாய்வுகளிலும் தொடர்ந்தது. 80 சோதனைகளைத் திரட்டிய 2002ஆம் ஆண்டுத் தொகுப்பு, மருந்தளிக்கும் நேரத்தால் மட்டும் நன்மை விளையவில்லை என முடிவுகூறியது. 66 சோதனைகளைக் கொண்ட 2005ஆம் ஆண்டுத் தொகுப்போ, தண்டுவட உறைப்புற மருந்திலும் காயத்தில் செலுத்தும் மருந்திலும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளிலும் பயன் உண்டு என்றது.

முடிவுரை

எலிக்குத் தரப்படும் தூண்டல் சிறு பொழுதில் முடிவது. அறுவைக் காயமோ அழற்சியால் பல நாள் தண்டுவடத்தைத் தூண்டிக்கொண்டே இருப்பது. கீறலுக்கு முன் ஒருமுறை அளித்த மருந்து நீங்கியதும் கிளர்ச்சி மீண்டும் எழக்கூடும். ஆதலின் ‘முன்னா, பின்னா’ என்ற வினா பின்தள்ளப்பட்டு, கீறலுக்கு முன் தொடங்கிக் காயம் ஆறும் வரை தூண்டலைக் கட்டுப்படுத்தும் ‘தடுப்பு வலித்தணிப்பு’ என்னும் கருத்து முன்னிலை பெற்றது. குயினைன்-யூரியாவால் மருந்தின் பயனை நீட்டிக்க முயன்ற கிரைலின் செயல்முறையில் இதன் சாயலைக் காணலாம். அவரது விளக்கம் வழக்கொழிந்தது. காயத்தின் தூண்டலை மறித்தல் வேண்டும் என்ற அவரது நோக்கு இன்றும் நிற்கிறது.