ஊர் கூடி எழுதிய கைநூல்

பொறியைப் படைத்தவன் புகழ் பெறுகிறான். அதனை இயக்கும் முறையை எழுதி வைத்தவன் பெயர் மறைந்துபோகிறது. ஆயினும், விளக்க நூல் இல்லாத பொறியால் பிறருக்குப் பயன் சிறிதே. அத்தகைய நூல் ஒருவர் உடைமையாக இருப்பின் நேரும் கேட்டினையும், பலர் கைபட்டு வளரின் விளையும் நன்மையினையும் இணைய வரலாற்றில் காணலாம்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய நெட்ஸ்கேப் நிறுவனம், இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் உலாவியை வெளியிட்டது. அப்பக்கங்களை அமைக்கும் முறையினை விளக்க ‘டெவ்எட்ஜ்’ என்னும் தளத்தையும் நடத்தியது. 1999இல் அந்நிறுவனம் ஏ.ஓ.எல். வசமாயிற்று, 2004இல் டெவ்எட்ஜ் மூடப்பட்டது. பல்லாண்டு உழைப்பின் பயன் உடையவர் முடிவொன்றினால் கண்மறைந்தது.

நெட்ஸ்கேப்பின் வழித்தோன்றலாகிய மொசில்லா, அவ்வெழுத்துகளை வெளியிட ஏ.ஓ.எல்.லிடம் உரிமம் பெற்று, 2005இல் புதிய தளம் ஒன்றை நிறுவிற்று. அதுவே இன்று எம்.டி.என். எனப்படுவது. பிழை கண்டவர் பதிவு செய்துகொண்டு தாமே திருத்தலாம் என்பது அங்கு தொடக்கத்தில் விதியாக இருந்தது. மூலத்தைச் சுட்டி, அதே உரிமத்தின்கீழ் எவரும் படியெடுக்கலாம், மாற்றியும் வெளியிடலாம். வணிகத்தில் போட்டியிடும் மைக்ரோசாப்டும் கூகுளும் சாம்சங்கும் 2017இல் இப்பணியில் கைகோத்தன.

2020 ஆகஸ்டில் சோதனை வந்தது. மொசில்லா ஏறத்தாழ 250 பேரைப் பணியினின்று நீக்கியது. இத்தளத்தின் எழுத்தாளர் பலரும் அவருள் அடங்குவர். ஆனால், டெவ்எட்ஜுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பக்கங்கள் யாவும் ‘கிட்ஹப்’ என்னும் பொதுக் களத்திற்கு மாறின. அன்றுமுதல், ஒருவர் அனுப்பும் திருத்தத்தை மற்றொருவர் ஆய்ந்து ஏற்ற பின்னரே அது வெளியாகிறது. 2021இல் ‘ஓப்பன் வெப் டாக்ஸ்’ என்னும் அமைப்புத் தோன்றி, நன்கொடை திரட்டி எழுத்தாளருக்கு ஊதியம் வழங்கலாயிற்று.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. உரிமம் நூலை அழியாமல் காக்கும். ஆனால், அதனை வளர்க்க ஆளும் ஊதியமும் வேண்டும். தொண்டர் ஆர்வம் ஒன்றையே நம்பி நாள்தோறும் மாறும் தொழில்நூலைப் பேண இயலாது. அதுபோலவே, ஊதியம் பெறுவோர் சிலர் மட்டும் எல்லாப் பிழைகளையும் கண்டுவிடவும் இயலாது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் பிடிப்பவருள் படிப்பவரும் ஒருவரே. பிழையைக் கண்டு முணுமுணுத்துப் பக்கத்தைப் புரட்டுபவர், அடுத்து வருபவரையும் அதே குழியில் விழவிடுகிறார். ஒரு வரியைத் திருத்தி அனுப்புபவரோ, முகமறியாத பலருக்கு வழியமைக்கிறார்.