மாற்றாள்

ஹார்பரில் தலையில் அடிபட்டுத் திரும்பிய அப்பா, அம்மாவைப் பார்த்து, 'அவள மாதிரியே கீறியே, நீ யாரும்மா?' என்றார். ராயபுரத்தில் எங்கள் தெரு அதைப் பேய் என்றது. நான் ஃப்ராய்டைப் புரட்டினேன். இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை என்று இப்போது படுகிறது.

தன் புருஷனும் குழந்தைகளும் ஆள்மாறிவிட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி, பிரெஞ்சு மனநோய் மருத்துவர் காப்கிரா 1923-ல் எழுதினார். அமுக்கிய காம இச்சையே காரணம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1997-ல் கலிஃபோர்னியாவிலிருந்து, ஹிர்ஸ்டைனோடு சேர்ந்து வேறு விளக்கம் தந்தார். முகத்தை இனங்காண்பது மூளையின் மேற்பட்டை. அதற்கு மனசு அசைவது உள்ளே, லிம்பிக் மண்டலத்தில், முக்கியமாக அமிக்டலாவில். நடுவிலுள்ள பாதை அறுந்தால் முகம் தெரியும், சொந்தம் தெரியாது. சொந்தம் தோன்றாத முகத்தை அறிவு போலி என்று தீர்த்துவிடுகிறது. தெரிந்தவர்களின் படத்தைப் பார்த்தால் நமக்குத் தோலில் லேசாக வியர்க்கும். கருவி வைத்து அளந்தபோது அவர்களுடைய நோயாளிக்கு அது எழவில்லை. அதே ஆள், டெலிபோனில் பெற்றோரின் குரலைச் சந்தேகிக்கவில்லை. காதிலிருந்து அமிக்டலாவுக்குத் தனிப் பாதை உண்டு என்றார் ராமச்சந்திரன்.

இதைப் படித்தபோது அப்பா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ராத்திரி கரண்ட் போனால், இருட்டில் அம்மா 'சாப்ட்டியா?' என்பாள். 'இத்தினி நாளா எங்க போயிருந்தே?' என்பார் அவர். பக்கத்திலேயே தீப்பெட்டி இருக்கும். அம்மா விளக்கேற்ற மாட்டாள்.