தளர்ந்த மூடியும் போமின் குழலும்

மூங்கில் குழலில் துளையை மூடுவது விரல். ஆகவே துளைகள் விரலுக்கு எட்டும் இடத்திலேயே அமைய வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பியக் குழலிலும் அடிப்படைத் துளைகள் ஆறும் அவ்வாறே இருந்தன. எட்டாத துளைகளுக்கு மட்டும் உலோக மூடிகள் பொருத்தப்பட்டன. ஜெர்மானியர் இதனைக் ‘கிளாப்பே’ என்பர். மூடி என்பதே அதன் பொருள். ஒவ்வொரு மூடியும் தனக்குரிய சிறு ஊசியில் தனித்து இயங்கியது. ஒன்றின் தளர்வு மற்றொன்றின் இயக்கத்தைத் தொடவில்லை.

இந்த ஒழுங்கை மாற்றியவர் மியூனிக் நகரின் தியோபால்ட் போம் (1794–1881). அவர் பொற்கொல்லர் தொழிலைக் கற்றவர். பவேரிய அரசவை இசைக்குழுவில் குழலிசைஞர். 1831இல் லண்டனில் சார்லஸ் நிக்கல்சன் பெருந்துளைக் குழலில் எழுப்பிய வலிய ஒலியைக் கேட்டார். துளையின் அளவையும் இடத்தையும் ஒலியியலே தீர்மானிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1832இல் வளைய மூடிகள் கொண்ட குழலையும், 1847இல் உருளை வடிவக் குழலையும் உருவாக்கினார். வாசிக்கும் விரல்கள் ஒன்பது. துளைகளோ அவற்றினும் மிகுதி. எனவே நீண்ட எஃகு அச்சுகளில் நுண்குழாய்களைக் கோத்து, ஒரு விரலின் அழுத்தம் தொலைவிலுள்ள மூடியையும் இறக்குமாறு செய்தார்.

இந்த இணைப்பே தளர்வுக்கும் வழிவிட்டது. எஃகு அச்சைவிட மென்மையான நுண்குழாய், தூசு கலந்த எண்ணெயின் உராய்வால் உட்புறம் தேய்கிறது. மயிரிழை இடைவெளி போதும்: விரலடியில் உள்ள மூடி படிந்தும், அதனோடு இணைந்த மூடி முழுதும் படியாது. காற்று கசியும், தாழ்ந்த சுரங்கள் ஒலிக்கத் தயங்கும். இசைஞர் தம் மூச்சையே குறைகூறிக்கொள்வார். குறையோ அச்சில் இருக்கும்.

இதனைச் சீர்செய்யப் புதிய உலோகம் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. பழுதுபார்ப்பவர் தனிவகைக் குறட்டால் நுண்குழாயைச் சுற்றிலும் சீராக அழுத்துகிறார். உட்துளை குறுகுகிறது, உலோகம் நீள்வாட்டில் நகர்ந்து முனையின் இடைவெளியை நிரப்புகிறது. பின்னர் அச்சு தடையின்றிச் சுழலுமாறு உட்புறம் செம்மை செய்யப்படுகிறது. அழுத்தம் அளவு மீறினால் தளர்ந்த மூடி இறுகிய மூடியாகிவிடும்.

1871இல் வெளியிட்ட தம் நூலில், ஒலியியல் விளக்கங்களோடு மூடிகளின் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் போம் இடம் ஒதுக்கினார். தம் படைப்பு தேயும் என்பதைப் படைத்தவரே ஏற்றிருந்தார். பின்வந்த வரலாறுகளோ பெரும்பாலும் 1832, 1847 ஆகிய ஆண்டுகளையே நிலைநிறுத்தின. ஒன்றோடொன்று இணைந்த மூடிகள் பிறந்தபோதே, அவற்றை மீண்டும் மீண்டும் இறுக்கும் கைகளும் தேவையாயின. பெயர் பதிவாகாத அப்பட்டறைகளின் தொழிலறிவையும் சேர்த்து எழுதும்போதே போம் குழலின் வரலாறு நிறைவுபெறும்.