கொல்கத்தாவில் வீடு மாற்றுதல்

கொல்கத்தாவில் ஒரு குடும்பம் வீடு மாற்றும்போது சாமான்களைக் கட்டுவது வேலையின் ஒரு பகுதிதான். எந்த நாள், எந்த நேரம், எந்த வண்டி என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே உள்ளவை தீர்மானிக்கின்றன: பஞ்சாங்கம், மழை, சந்தின் அகலம், மாடிப்படியின் திருப்பம், சாலை விதிகள். இவற்றைப் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டி வாங்கப் போவோருக்குச் செலவும் அலைச்சலும் குறைகின்றன.

பணி மாற்றம் பெற்றோரும் வாடகைக் காலம் முடிந்தோரும் எல்லா ஊரிலும் உண்டு. சொந்த வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு வெளியேறுவோர் இந்நகரில் தனி வகையினர். பல பங்காளிகளுக்குச் சொந்தமான பழைய வீட்டை 'புரமோட்டர்' எனப்படும் கட்டுநரிடம் ஒப்படைத்து, அங்கே எழும் அடுக்ககத்தில் தமக்குரிய ஃபிளாட்டுகளைப் பெறுவது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடு. கட்டுமானக் காலத்தில் மாற்று வீட்டுக்கான வாடகையையும் இடம்பெயரும் செலவையும் கட்டுநர் ஏற்பது வழக்கம். இக்குடும்பங்கள் இரண்டு முறை வீடு மாறுகின்றன. முதல் மாற்றமே கடினமானது. முற்றமும் உயர்ந்த கூரையும் கொண்ட வீட்டில் மூன்று தலைமுறை சேர்த்த கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி எதுவும் வாடகை வீட்டில் கொள்ளாது. ஒப்பந்தத்தில் மாத வாடகைத் தொகை எழுதப்பட்டிருக்கும். கட்டடம் தாமதமானால் அது தொடருமா, கூடுமா, திரும்பி வரும் செலவு யாருடையது என்பவை பல நேரங்களில் விடுபட்டுப்போகும். அவற்றையும் எழுதி வாங்குவதே இவ்வகை மாற்றத்தின் முதல் ஆயத்தம். புதிய ஃபிளாட்டின் வரைபடத்திலிருந்து கதவு, படுக்கையறை அளவுகளைக் குறித்துக்கொண்டு, பொருந்தாத மரச்சாமான்களை இப்போதே விற்பது நல்லது. ரஸ்ஸல் தெருவில் 1940 முதல் இயங்கும் ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஏலக் கடைக்குப் பழைய தேக்குச் சாமான்கள் பல இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

நாள் குறிப்பதில் பஞ்சாங்கத்துக்கு இன்னும் செல்வாக்கு உண்டு. வங்காள ஆண்டும் தமிழாண்டைப் போல ஏப்ரல் நடுவில் பிறப்பதால், இரண்டின் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். வங்காளிகளின் பௌஷ் தமிழரின் மார்கழி. இரு சாராரும் அதில் குடிபுகுவதில்லை. எல்லா மாதங்களிலும் இந்த ஒற்றுமை இல்லை. ஆவணி தமிழருக்கு நல்ல மாதம். அதுவே வங்காளிகளின் பாத்ர மாதம், அப்போது பூனையையும் நாயையும்கூட வீட்டைவிட்டு விரட்டக் கூடாது என்பார்கள். தமிழர் தவிர்க்கும் ஆடியில், அதாவது வங்காளிகளின் ஸ்ராவணில், அவர்களுக்குத் திருமணமே நடக்கும். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கத்தில் வங்காளி வீட்டுக்காரரிடம் தமிழ்க் குடும்பம் குடிபோகும்போது, சாவி கொடுப்பவர் குப்தா பிரஸ் பஞ்சிகாவைப் பார்ப்பார், பால் காய்ச்சுபவர் பாம்புப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். இருவருக்கும் உகந்தது தை, வங்காளத்தில் மாக். குளிர் இருக்கும், மழை இருக்காது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் பிள்ளைகளின் படிப்புக்கும் அதிக இடையூறில்லை. மத்திய வாரியப் பள்ளிகளுக்கு ஏப்ரலே தொடக்கம் என்பதால் அக்குடும்பங்கள் மார்ச் வரை காத்திருக்கின்றன.

ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை மழைக்காலம். டன்டனியா, ஆம்ஹர்ஸ்ட் தெரு, காலேஜ் தெரு ஆகிய தாழ்வான பகுதிகளில் ஒரு பெருமழைக்கே முழங்கால் அளவு நீர் தேங்கும். ஹூக்ளி ஆற்றில் கடலேற்றம் வரும் வேளையில் ஆற்றுநீர் உள்ளே புகாமல் மதகுகளை மூடுவதால், மழையும் ஏற்றமும் சேர்ந்த நாளில் தண்ணீர் வடியப் பல மணி நேரமாகும். மழைக்காலத்தில் மாறியே ஆக வேண்டியவர்கள் ஏற்ற நேரத்தையும் விசாரித்துக்கொள்வது மிகையான எச்சரிக்கையல்ல. துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் முன்பே சந்துகளில் மூங்கில் பந்தல்கள் எழுந்துவிடும்; வண்டி நுழைந்த வழி மறுவாரம் அடைபட்டிருக்கலாம். பூஜை நாட்களில் வீடு மாற்றுவதை யாரும் எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை.

வண்டியைத் தேர்வு செய்வதற்கு முன் இரண்டு வீட்டின் வாசலையும் பார்க்க வேண்டும். வடக்குக் கொல்கத்தாவின் பல சந்துகளில் லாரி நுழையாது. எந்த மாதிரிச் சிறு லாரியையும் இந்நகரார் மேட்டடோர் என்றே அழைப்பர்; அது பெரிய சாலையில் நிற்க, அங்கிருந்து தள்ளுவண்டியிலோ முட்டே எனப்படும் சுமைகூலிகளின் தலையிலோ சாமான் வீடு சேரும். தமிழ்நாட்டில் குட்டியானை என அறியப்படும் டாடா ஏஸ் 2005-இல் சந்தைக்கு வந்தபின் இந்த இரட்டை வேலை ஓரளவு குறைந்தது. ஒரு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு அது இரண்டு நடை போனால் போதும். கனரக லாரிகளுக்குப் பகலில் நகருக்குள் அனுமதியில்லை. பல சாலைகள் ஒருவழிப் பாதைகள். அவற்றில் சில காலையில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த்திசையிலும் ஓடும். காலையில் பத்து நிமிடத்தில் கடந்த வழியைப் பிற்பகல் இரண்டாம் நடைக்கு நம்ப முடியாது. வார நாட்களில் நகர மையமான தர்மதலாவை நோக்கிச் செல்லும் ஊர்வலங்களும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுப்பதற்கு இவையே காரணம்.

கூலி பெரும்பாலும் மாடிக்கணக்கில் பேசப்படும். லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடங்கள் ஏராளம். லிஃப்ட் இருந்தாலும் இரும்பு பீரோவும் பெரிய குளிர்சாதனப் பெட்டியும் அதற்குள் நுழையாமல் போகலாம். படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும் கட்டிலையும் பீரோவையும் கயிறு கட்டி முன்பக்க வராந்தா வழியாக இறக்குவார்கள். இதற்குத் தனிக் கூலி. முன்கூட்டியே பேசாவிட்டால் பாதி வழியில் தொங்கும் பீரோவுக்குக் கீழே நின்று பேரம் பேச நேரும்.

கட்டுவதில் ஊரின் ஈரப்பதத்தை மறக்கக் கூடாது. காகிதத்திலும் துணியிலும் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆகவே புத்தகங்களை வெயிலில் உலர்த்தி, ஓர் ஆள் தூக்கக்கூடிய சிறு பெட்டிகளில் அடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக மூடி மாதக்கணக்கில் விட்டால் கெடும். மரச்சாமானுக்குச் சணல் சாக்குத் துணி சுற்றுவது பழைய வழக்கம். ஹூக்ளிக் கரை ஆலைகளின் ஊரில் அது கிடைக்காமல் போகாது. அட்டைப்பெட்டிக்குப் புர்ராபஜார் உண்டு. குளிர்சாதனப் பெட்டியைப் பனி உருக்கி உலர்த்தி, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோய், சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். தமிழ் வீடுகளில் அதிகக் கவனம் கேட்பவை கொலு பொம்மைகள்: ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துண்டில் தனித்தனியே சுற்றி, கழுத்துக்கு மேல் பளு ஏறாதபடி வைக்க வேண்டும். கிரைண்டரின் கல்லை அதன் பாத்திரத்திலேயே விட்டால் போகும் வழியில் பாத்திரம் விரிசல் காணும்.

மின் இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. கொல்கத்தா மாநகருக்குள் மின்சாரம் வழங்குவது சிஇஎஸ்சி. சால்ட் லேக்கிலோ மாநில மின் பகிர்மான நிறுவனம். பாலிகஞ்சிலிருந்து சால்ட் லேக்குக்குப் போனால் கணக்கை மாற்ற இயலாது. ஒன்றை முடித்து இன்னொன்றைத் தொடங்க வேண்டும். கடைசி மீட்டர் அளவை வீட்டுக்காரர் முன்னிலையில் படம் எடுத்து வைப்பது பின்னாளைய தகராறைத் தவிர்க்கும். சமையல் எரிவாயு உருளையைச் சாமானோடு ஏற்றக் கூடாது. விநியோகஸ்தரிடம் மாற்றுச் சீட்டு பெற வேண்டும். ஆதாரில் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிதல் ஆகியவை குடிபுகுந்தபின் செய்ய வேண்டியவை.

பத்திரங்கள், கல்விச் சான்றுகள், மருத்துவக் கோப்புகள் ஆகியவற்றை ஒரே பையில், குடும்பத்தார் கையிலேயே கொண்டுபோக வேண்டும். இது வீடு மாறும் நாளுக்கு மட்டுமான பழக்கமாக இருக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் இறுதியில் கிழக்கு-மேற்கு மெட்ரோவின் சுரங்கப் பணியில் நிலத்தடி நீர் புகுந்து பௌபஜாரில் வீடுகள் விரிசல் கண்டு இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் அவசரமாக வெளியேற்றப்பட்டு விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். விட்டு வந்த பொருளையும் காகிதங்களையும் எடுக்கச் சிலருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு.

சென்னைக்கு மாறுவோரின் சாமான் தேசிய நெடுஞ்சாலை 16 வழியாக ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் போகிறது. பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு இ-வே பில் தேவையில்லை. ஆயினும் பொருள்வாரியான பட்டியலும் லாரி ரசீதும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். மதிப்பீடு வீட்டைப் பார்த்துத் தரப்பட்டதா, சேதத்துக்கு யார் பொறுப்பு, போக்குவரத்துக் காப்பீட்டில் கட்டும்போது உடைவதும் அடங்குமா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுக்கலாம். மலிவான மதிப்பீட்டில் ஏற்றிவிட்டு, இறக்கும் இடத்தில் கூடுதல் தொகை கேட்டுச் சாமானை நிறுத்திவைக்கும் மோசடி எங்கும் உண்டு. இருசக்கர வாகனத்தை ரயில் பார்சலில் அனுப்பினால் பெட்ரோலை முழுதும் வடிக்க வேண்டும். வாகனம் 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் மறுபதிவு தேவை. அதற்கான தடையின்மைச் சான்றைக் கொல்கத்தாவை விட்டுப் புறப்படுமுன்பே படிவம் 28-இல் விண்ணப்பித்துப் பெறுவது எளிது. இறக்கியபின், ரசீதில் கையெழுத்திடுவதற்கு முன்பே பட்டியலைச் சரிபார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் அந்த ரசீதிலேயே எழுதிவிட வேண்டும்.