சூதாட்ட மேசைக்கு எவ்வளவு தூரம்?

கோவாவில் எந்தக் கப்பலில் போக்கர் ஆடலாம், எதில் நுழைவுக் கட்டணம் குறைவு, எதில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றெல்லாம் இன்றைய பிள்ளைகள் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். நம் காலத்து மீஞ்சூரில் இந்தப் பேச்சே கிடையாது. சூதாட்டம் இல்லாமல் இல்லை. அது இருந்த இடம் வேறு, அங்கே போய்ச் சேர வேண்டிய தூரம் வேறு. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கிண்டி. சென்னையில் குதிரைப் பந்தயம் 18-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் உருவானது. நம் ஊரிலிருந்து ரேஸுக்குப் போகிறவர் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பார்க் ஸ்டேஷனில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். போய்வர ஒரு நாள் போய்விடும். வீட்டில் ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். 1974-இல் பந்தயத்தை ஒழிக்கக் கலைஞர் அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டுகொண்டே போய், 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று சொல்லிவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு அந்த நிலத்தின் குத்தகையை ரத்து செய்தது.

அடுத்து லாட்டரி. 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிண்டி வரை போக வேண்டிய ஆசை ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடம் போதும், சீட்டு வாங்கிவிடலாம். தினக்கூலிக்காரர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது.

மூன்றாவது, மனமகிழ் மன்றங்களின் ரம்மி. 1967-இல் ஆந்திரத்து கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமை. மூணு சீட்டு போன்றவை வெறும் அதிர்ஷ்டம். இந்தக் கோட்டின் மேல்தான் இன்றுவரை எல்லா வழக்கும் நடக்கிறது.

இனி கோவாவுக்கு வருவோம். அங்கே 1992-இல் சட்டத்தைத் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 1996 திருத்தத்தில் கப்பல்களில் மேசை ஆட்டத்துக்கும் அனுமதி வந்தது. ஓய்வு பெற்ற பிறகு நண்பர்களோடு சுற்றுலா போனபோது, பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தேன். கரையிலிருந்து படகில் அழைத்துப் போகிறார்கள். கட்டணத்தோடு சாப்பாடும், ஆடுவதற்குக் கொஞ்சம் இலவச வில்லைகளும் உண்டு. அந்த வில்லைகளைப் பணமாக மாற்ற முடியாது, ஆடித்தான் தீர்க்க வேண்டும். திருக்குறளின் 94-ஆம் அதிகாரம், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது. பழவேற்காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மேசையில் ‘அந்தர் பாஹர்’ என்று எழுதியிருந்தது. பார்த்தால் நம்ம மங்காத்தா, உள்ளே வெளியே! ‘தீன் பத்தி’ என்பது அதே மூணு சீட்டு. இங்கே தோப்புக்குள் ஆடினால் போலீஸ் துரத்தும் ஆட்டம், அங்கே சரவிளக்கின் கீழே கோட்டு போட்டவர் சீட்டுப் போட நடக்கிறது.

எந்த இடம் நல்லது என்று ஒப்பிடுகிறவர்கள் விளக்கையும் விருந்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கணக்கை. ரூலெட் சக்கரத்தில் ஒரு பூஜ்யம் இருந்தால் மொத்தம் 37 எண்கள். ஒற்றை எண்ணில் ஜெயித்தால் கொடுப்பது 35 மடங்குதான். ஆக, கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கடைக்காரருக்கு. இரண்டு பூஜ்யம் இருந்தால் 5 ரூபாய் 26 காசு. போக்கர் அப்படியல்ல. அங்கே ஆடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கடை நம்மோடு ஆடுவதில்லை. சேர்ந்த பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. யார் ஜெயித்தாலும் அதற்கு வரவு. முதல் தடவை போகிறவர் எதிரில் இருப்பது யார் என்று யோசிக்க வேண்டும். அவர் தினமும் ஆடுகிறவராக இருந்தால் நம் பணம் போகும் வழி தெளிவு.

இன்னொன்றையும் கவனித்தேன். சூதாட்ட விடுதி வைத்த அரசுகள் சொந்த மக்களுக்கு வேலி போட்டிருக்கின்றன. மலேசியாவின் கெந்திங் மலையில் 1971 முதல் விடுதி நடக்கிறது. அந்நாட்டு முஸ்லிம்களுக்கு உள்ளே ஆட அனுமதியில்லை. சிங்கப்பூர் 2010-இல் இரண்டு விடுதிகளைத் திறந்தபோது குடிமக்களுக்கு ஒரு நாள் நுழைவுத் தீர்வை 100 வெள்ளி என்று வைத்தது, 2019-இல் அதை 150 ஆக்கியது. நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தீர்வை கிடையாது. கோவாவும் 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் உள்ளே ஆடக் கூடாது என்றது. விருந்தாளியின் பணம் வேண்டும், வீட்டுப் பிள்ளை கெடக் கூடாது!

கைப்பேசி வந்தபோது இந்த வேலிகள் எல்லாம் விழுந்தன. ஊரடங்குக் காலத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை மகன் ரம்மியில் தொலைத்துவிட்டான். அவன் அப்பா என்னிடம் சொன்னார்: “வாசலத் தாண்டி வெளிய போகவே இல்லண்ணே. பையன் ஒழுங்கா வீட்லயே இருக்கான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.” கிண்டிக்குப் போனவரைச் சம்பள நாளில் மனைவி ஸ்டேஷனிலேயே மடக்கலாம். பக்கத்து அறையில் போர்வைக்குள் ஆடுகிறவனை எங்கே போய் மடக்குவது?

2020 நவம்பரில் தமிழக அரசு தடைச் சட்டம் போட்டது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பழைய 1967 கோடு மறுபடியும் குறுக்கே நின்றது. 2025 பிப்ரவரியில் அரசு வேறு வழி பார்த்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி போட்டது. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டத்துக்கு வெளியே இயங்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் விவாதித்திருக்கின்றன. வீட்டில் இருக்கும் நாம் கேட்க வேண்டியது வேறு: மேசை எவ்வளவு அருகில் இருக்கிறது, அது எப்போது மூடும்? கோவாவுக்குப் போகிற பிள்ளை இவ்வளவுதான் என்று ரொக்கத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போகட்டும், தீர்ந்தால் படகேறித் திரும்பட்டும். ஓய்வூதியக் கணக்கு இணைந்திருக்கும் கைப்பேசியின் ரகசிய எண் மட்டும் நம்மிடமே இருக்கட்டும். பேரன் ஆசையாகக் கேட்டாலும் சரி.