உடப்பின் கரைவலை

வரலாறு என்றவுடன் கோட்டையையும் கொடியையும் தேடிச் செல்வது நம்மிடையே நிலைத்துவிட்ட பழக்கம். புத்தளம் மாவட்டக் கடற்கரையில் அவற்றுக்குக் குறைவில்லை. 1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ இன்றைய புத்தளமே என்பர் ஆய்வாளர் பலர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியையும் அவரிடமிருந்த முத்துகளையும் கண்டதை அவர் எழுதிவைத்தார். கற்பிட்டியில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கிறது. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில், 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு கோயிலுக்கு வழங்கிய கொடையைக் கூறும் கல்வெட்டு உண்டு. மன்னரும் பயணியும் வணிகரும் இவ்வாறு தத்தம் பெயரைப் பதித்துச் சென்றனர். ஆனால் இக்கரையில் நாள்தோறும் வலையிழுத்து வாழ்ந்த மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? உடப்பு என்னும் மீனவக் கிராமத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய விரும்புகிறோம்.

உடப்பு சிலாபத்துக்கு வடக்கே உள்ளது. மேற்கே கடலும், கிழக்கே ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயும் களப்பு நீர்ப்பரப்புமாக அமைந்த ஒடுங்கிய மணற்பட்டையே அவ்வூர். தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள் என்பது ஊர் மரபு. ஊரின் நடுவே திரௌபதை அம்மன் கோயில் உள்ளது. ஆடி மாதத்தில் பாரதக் கதையை ஒட்டிய சடங்குகள் பல நாள் தொடர்ந்து தீமிதிப்பில் நிறைவெய்தும். அந்த ஒரு நாளைக் காண வெளியூரார் திரளாக வருகின்றனர். உடப்பு என்றதும் பலர் அறிந்தது அத்தணலை மட்டுமே. ஆனால் அவ்விழா சோளகக் காற்றுக் காலத்தில் வருகிறது என்பது கருதத்தக்கது. அப்போது மேற்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலைத் தொழிலுக்கு அது ஓய்வுக் காலம். ஐப்பசியில் கடல் தணியத் தொடங்கிய பின்னர், சித்திரை வரை இவ்வூரின் வாழ்க்கை வலைக்கயிற்றைச் சுற்றியே சுழலும்.

கரைவலை தனியொருவர் தொழிலன்று. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, தோணி கடலுக்குள் சென்று வலையை வளைத்துப் போட்டு, மறு தலைப்பைச் சற்றுத் தொலைவில் கரைசேர்க்கும். பின்னர் இரு பக்கமும் மக்கள் வரிசையாய் நின்று இழுப்பர். இரு அணியும் மெல்ல மெல்ல நெருங்க, நெத்தலியும் சாளையும் கீரியும் வலையின் மடியில் திரண்டு கரையேறும். மீனைக் காயவைத்துக் கருவாடாக்கும் வேலையில் பெண்களின் உழைப்பு சேரும். ஒவ்வொரு வலைக்கும் கரையில் உரிய இடம் உண்டு. அதனைப் ‘பாடு’ என்பர்.

கூட்டாக உழைத்தனர் என்பதால் சமமாக உண்டனர் என்று கொள்ளலாகாது. செலவு கழித்து எஞ்சும் வருவாயில் பெரும்பகுதி வலையும் தோணியும் உடைய சம்மாட்டிக்குச் சென்றது. மீதியே இழுத்த கைகள் பலவற்றுக்கிடையே பங்காயிற்று. மீன் படாத நாளில் சம்மாட்டியிடம் பெற்ற முற்பணம் மறுநாள் உழைப்பைக் கட்டிப்போட்டது. இக்கரையோரத் தமிழ் மீனவரிடையே தங்கி ஆராய்ந்த ஜப்பானிய மானிடவியலாளர் மசகாசு தனகா, அவர்தம் சடங்குக்கும் சமூக அதிகாரத்துக்கும் உள்ள பிணைப்பை 1991இல் நூலாகவே எழுதினார். கடலில் யாருடைய வலை, கோயிலில் யாருடைய உபயம் என்னும் இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இவ்வுழைப்பிலிருந்து பிறந்ததே அம்பாப் பாடல். ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ஏற்றுப் பாட, அத்தாளத்துக்கு ஏற்பக் கால்கள் மணலில் ஊன்றும். கைகள் கயிற்றைப் பற்றும். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவரின் வரலாற்றைத் தொகுத்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலாக 1859இல் வெளியிட்டார். தமிழிலக்கிய வரலாற்றுக்கு அது பெருந்தொண்டு. எனினும் அவர் பிறந்த கரையில் அம்பா கட்டியவர்களுக்குப் பெயர் இல்லை, ஏடு இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் கயிற்றோடு சேர்த்தே பாடலையும் அடுத்த தலைமுறையிடம் கொடுத்தது.

இக்கரையில் தமிழ் நிலைத்ததும் தேய்ந்ததும் இதனோடு தொடர்புடையவை. தெற்கே நீர்கொழும்பிலும் மீனவர் வீட்டு மொழி தமிழாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பாடசாலையின் மொழி சிங்களமாயிற்று. பிள்ளைகள் சிங்களத்தில் எழுதப் படித்தனர். தமிழ் வீட்டிலும் கடலிலும் மட்டும் வழங்கும் பேச்சாகக் குறுகியது. மொழியியலாளர் இன்று அதனை ‘நீர்கொழும்பு மீனவர் தமிழ்’ எனத் தனிக் கிளைமொழியாக ஆராய்கின்றனர். உடப்பிலோ தொழிலும் வழிபாடும் கல்வியும் ஒரே மொழியில் அமைந்தன. அயலில் வாழும் சிங்கள மக்களோடும் முஸ்லிம் மக்களோடும் கொண்ட கொடுக்கல் வாங்கலால் அம்மொழி அழிந்துவிடவில்லை. பிறமொழியைக் கற்பதால் தாய்மொழி தேய்வதில்லை. எழுத்தையும் தொழிலையும் இழக்கும்போதே அது தேய்கிறது.

இன்று அத்தொழிலே மாறிக்கொண்டிருக்கிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தன. பின்னர் இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கரைவலைக் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. முதுகு முறியும் பாரம் குறைவது நன்றே. அதனை எதிர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் பல கைகள் செய்த வேலையைப் பொறி செய்யும்போது, அக்கைகளுக்குரிய பங்கு எங்கே போகிறது? வெளிநாட்டுக் கூலிவேலையை நாடி இளைஞர் செல்வதை இக்கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 1980களில் இம்மாவட்டக் களப்போரங்களில் பரவிய இறால் பண்ணைகள் கண்டற் காடுகளை அழித்தன. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியதும் பல குளங்கள் கைவிடப்பட்டன. இலாபம் கண்டவர் வெளியேறினர். பாழ்பட்ட நீர் ஊராரிடம் எஞ்சியது. 2021இல் எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலின் பிளாஸ்டிக் மணிகளும் மேற்குக் கரையிலேயே ஒதுங்கின.

ஆகவே உடப்பின் சிறப்பைப் பேசுவோர் தீமிதிப்பைப் பார்த்துத் திரும்புவதோடு நின்றுவிடலாகாது. அம்பாப் பாடல்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே, அக்கரையின் பாடசாலை மாணவர் அவற்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். பாடுகளின் பெயர்களும் பங்குமுறையும் பட்ட கடன்களும் அவ்வேட்டில் இடம்பெற வேண்டும். கரையும் களப்பும் தொடர்பான தீர்மானங்களில் வலையிழுப்போருக்கும் குரல் வேண்டும். கல்வெட்டுகளைப் படியெடுக்கக் காட்டிய அக்கறையை இம்மக்களின் வாய்மொழிக்கும் காட்டுவது, தமிழ் கற்பிக்கும் நம்மைப் போன்றோரின் கடமை.